பேஸ் கிடார் வாசித்துக் கட்டைவிரல் நோகிறதா? வலிக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர்களுக்கு ஆடி மாதம் எப்படிப் போகும் என்று தெரியும். அம்மன் கோவில் திருவிழா, தெருவுக்கொரு மேடை, இரவு 8 மணிக்கு ஆரம்பித்தால் 12 மணி வரை பாட்டு நிற்காது. அப்படி ஒரு ஆடியில் 18 நாளில் 11 கச்சேரி வாசித்தேன். கடைசிக் கச்சேரிக்கு மறுநாள் காலை தண்ணீர் பாட்டிலின் மூடியை இடது கையால் திருகப் போனேன், கட்டைவிரலின் அடியில் இருந்து முழங்கை வரை ஒரு வலி ஏறியது, பாட்டில் கீழே விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு 5 மாதம் தைலம், மாத்திரை, கம்பி மாற்றுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எல்லாமே வலித்த இடத்தைச் சுற்றியே நடந்தது. உண்மைக் காரணம் என் கிடாரின் நட்டில், அதாவது விரற்பலகையின் தலைப்பக்க நுனியில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையில் இருந்தது. கச்சேரிகளுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு கடையில் நட் மாற்றியிருந்தேன், அதில் கம்பி உட்காரும் பள்ளங்களைப் போதுமான ஆழத்துக்கு அறுக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் கம்பி உயரமாக நின்று, முதல் இரண்டு ஃப்ரெட்டிலும் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) இரண்டு மடங்கு அழுத்தி வாசித்திருக்கிறேன், அது எனக்குத் தெரியவே இல்லை.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். வலிக்கும் இடம் எது என்று சரியாகப் பிடித்தால், அதற்குக் காரணமான இடத்துக்குப் போக வழி கிடைக்கும். நான் மருத்துவர் இல்லை. ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் 3 மாதம் போய்க் கற்றுக்கொண்டது, 20 வருடம் வாசித்ததில் தெரிந்தது, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். வலது கையால் மீட்டுபவர்களை வைத்து எழுதியிருக்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதைப் பாருங்கள்

கை சிவந்து சூடாக வீங்கி காய்ச்சலும் இருக்கிறது, அடிபட்ட பிறகு வலி வந்தது, விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, மரத்துப்போன விரல் மணிக்கணக்கில் தெளியவில்லை, கட்டைவிரலின் கீழே உள்ள சதை மேடு மற்ற கையைவிட வற்றிப்போய்த் தெரிகிறது, பொருட்கள் தானாகக் கையிலிருந்து நழுவுகின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நட், ஸ்ட்ராப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வீட்டில் யாராவது "சுளுக்கு, எடுத்துவிட்டால் சரியாகும்" என்பார்கள். கட்டைவிரல் பக்கத்தில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) ஓடும் உறை வீங்கியிருக்கும்போது அதன் மேல் அழுத்தித் தேய்த்து இழுத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். எனக்கு ஒருமுறை அப்படி எடுத்தார்கள், ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது மூன்று வாரம் இழுத்தது.

சரி, இப்போது மற்ற கையின் ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். "கை முழுக்க வலி" என்று நினைப்பவர்களுக்கும் தொட்டுப் பார்க்கும்போது ஓர் இடம் கூடுதலாக நோகும். அந்த இடத்துக்கான பகுதியைக் கீழே படியுங்கள்.

இடது கட்டைவிரலின் அடிமூட்டும் அதன் கீழே உள்ள சதை மேடும் நோகின்றன

பேஸ் வாசிப்பவர்களிடம் நான் அதிகம் கேட்பது இந்த வலியைத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வகை இருக்கிறது. உள்ளங்கைச் சதை மேட்டில் களைத்துப்போன மாதிரி கடுகடுவென்று இருந்து, ஒரு நாள் ஓய்வில் போய்விட்டால் அது தசைக் களைப்பு. மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரல் எலும்பு தொடங்கும் மூட்டில் ஆழமாகக் குத்தி, மூடி திறக்கும்போதும் துணி பிழியும்போதும் திரும்ப வந்தால் அந்த மூட்டே சுமையைத் தாங்க முடியாமல் இருக்கிறது. 45, 50 வயதுக்கு மேல் என்றால் தேய்மானமும் சேர்ந்திருக்கலாம், ஒரு எக்ஸ்ரே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டுக்கும் பொதுவான காரணம், கட்டைவிரலைக் குறடு மாதிரிப் பயன்படுத்துவது. முன்னால் நான்கு விரல், பின்னால் ஒரு கட்டைவிரல், நடுவில் நெக்கை, அதாவது கிடாரின் கழுத்தை வைத்து நெரிப்பது. கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவில் 1 கிலோ அளவுக்கு அழுத்தினால், கட்டைவிரலின் அடிமூட்டில் அது கிட்டத்தட்ட 12 கிலோவாக இறங்குகிறது என்று கை மருத்துவத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். நெம்புகோல் கணக்கு அது. நான்கு மணி நேரக் கச்சேரியில் அந்த மூட்டு எவ்வளவு தாங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நெரிக்காதே என்று சொன்னால் போதாது, ஏன் நெரிக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் அனுபவத்தில் நான்கு காரணம், இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் கிடார். முதல் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை அழுத்திப் பாருங்கள், பிறகு நட்டை அடுத்த முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொண்டு இரண்டாவது ஃப்ரெட்டில் அதே போல அழுத்துங்கள். கேப்போ போட்டபோது திடீரென்று மிருதுவாகிவிட்டால் நட் உயரம் என்று அர்த்தம். இன்னொரு சோதனை: கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி வைத்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் பள்ளத்தை அறுக்க வேண்டும். இதை நீங்களே அரம் வைத்துச் செய்யாதீர்கள், ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் அந்த நட் போயிற்று. தெரிந்தவரிடம் கொடுங்கள், கொடுத்துவிட்டு வாங்கும்போது இதே சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்து வாங்குங்கள். நான் அதைச் செய்திருந்தால் 5 மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து ஆக்‌ஷன். அதாவது கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரம். 17-வது ஃப்ரெட்டில் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். ஃபெண்டர் கம்பெனி தன் பேஸ்களுக்குக் கொடுக்கும் அளவு, வளைவு குறைந்த விரற்பலகைகளுக்கு, தடித்த கம்பிகள் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிகள் பக்கம் 2 மி.மீ. என் கிடாரில் அப்போது 3.5 இருந்தது. நெக் வளைவையும் பாருங்கள்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்தினால் 8-வது ஃப்ரெட்டில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே இருக்கும், வளைவைச் சரிசெய்யும் தண்டு) கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து சரி செய்யலாம். திருப்பும்போது முரண்டு பிடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறையும் சித்திரை வெயிலில் ஒரு முறையும் அளந்து பார்ப்பது நல்லது, மரம் ஒரே நிலையில் நிற்காது.

கம்பியையும் கொஞ்சம் யோசியுங்கள். 45-105 (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தால் 40-100 அல்லது 40-95-க்கு மாறினால் விரலுக்கு வித்தியாசம் உடனே தெரியும். புதுக் கம்பி வாங்கக் காசில்லாத மாதத்தில் இன்னொரு வழி, எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்குவது. இழுவிசை கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைந்துவிடும். தனியாகப் பயிற்சி செய்யும்போது சுருதி எதுவாக இருந்தால் என்ன? ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டையான நாடா சுற்றிய) கம்பி விரலுக்கு வழவழப்பாக இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் கவனியுங்கள், வழவழப்பு உண்மைதான், ஆனால் அவற்றில் பல சாதாரணக் கம்பியைவிட விறைப்பு. அட்டையில் இழுவிசை போட்டிருந்தால் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் நெக் கீழே சாய்வது. ஸ்ட்ராப் மாட்டி நின்று, இரண்டு கையையும் மெதுவாக விடுங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கி இறங்கினால், நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இடது கைதான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தூக்கிப் பிடிக்கிற கை எப்படித் தளர்வாக ஓட முடியும்? வழுக்கும் நைலான் ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் 3 அங்குலத் தோல் ஸ்ட்ராப் போட்டாலே பாதி சரியாகும். அதிலும் நிற்கவில்லை என்றால் எடை குறைந்த ட்யூனிங் கீ மாற்றலாம், செலவுதான், ஆனால் 4 கிலோ கிடாரில் தலைப்பக்கம் 150, 200 கிராம் குறைந்தாலும் தோளுக்கே தெரியும்.

மூன்றாவது, கட்டைவிரல் இருக்கும் இடம். நெக்கின் பின்பக்கம் நடுவிரலுக்கு எதிரே, சதைப்பகுதி பட்டும் படாமலும் இருக்க வேண்டும், நுனி மூட்டு லேசாக மடங்கியிருக்க வேண்டும். சிலருக்கு அழுத்தினால் நுனி பின்பக்கமாக வில் மாதிரி வளைந்துகொள்ளும். அப்படி வளைந்தால் தசை வேலை செய்யாமல் மூட்டே முட்டுக்கொடுக்கிறது, அதுதான் ஆழமாக வலிக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி, என் கையைக் காப்பாற்றியது இதுதான் என்று நம்புகிறேன். உட்கார்ந்துகொண்டு, வலது முன்கையால் கிடார் உடலை விலா மேல் லேசாக அணைத்துப் பிடியுங்கள். இடது கட்டைவிரலை நெக்கிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இப்போது 5-வது ஃப்ரெட்டில் ஒரு விரலை வைத்து, கையின் எடையால் பின்னால் இழுங்கள், நெரிக்காமலே சுரம் தெளிவாக வரும். விரலை ஃப்ரெட்டுக்கு நடுவில் வைக்காமல் ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் வையுங்கள், அங்கே குறைந்த அழுத்தம் போதும். அப்புறம் அதே சுரத்தை மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்து, கரகரவென்று அதிரும் வரை போய், மறுபடி தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். இவ்வளவுதான் தேவை. தினமும் 5 நிமிடம் இதைச் செய்தால் இரண்டு, மூன்று வாரத்தில் கை தானாக அந்த அளவைப் பிடித்துக்கொள்ளும்.

நான்காவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: மேடையில் உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை. தவில், டிரம்ஸ், ரிதம் பேட், பாடகர் மானிட்டர் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது பேஸ் எங்கே போகிறது என்றே தெரியாது. கேட்காதபோது இரண்டு கையும் இறுகும், வலது கை ஓங்கி மீட்டும், இடது கை அதற்கு ஈடாக நெரிக்கும். சவுண்ட் செக்கில் வெட்கப்படாமல் "எனக்கு மானிட்டரில் பேஸ் வேண்டும் அண்ணே" என்று கேளுங்கள். ஆம்ப் பின்னால் இருந்தால் அதைக் கால் முட்டியை நோக்கி வைக்காமல் நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் காது நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஒரு சின்ன ஹெட்போன் ஆம்பும் ஒரு காதுக்கு இயர்போனும் இருந்தால் போதும், கை பாதி தளர்ந்துவிடும்.

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு ஓரத்தில் சுரீர் என்கிறது

கட்டைவிரலை விரித்து மேலே தூக்கினால் மணிக்கட்டில் இரண்டு நரம்பு மாதிரி எழும்பும், அவை தசைநாண்கள். மணிக்கட்டு எலும்பின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் அவை ஓடுகின்றன. அந்த உறை தடித்து, உள்ளே ஓட இடமில்லாமல் உரசுவதுதான் இந்த வலி. 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி கெர்வான் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள்.

சோதனை: கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். மற்ற கையில் லேசான இழுப்பு மட்டும் இருக்க, இந்தக் கையில் சுரீர் என்று வந்தால் இதுவாக இருக்கலாம். மெதுவாக என்று சொன்னதைக் கவனியுங்கள், நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்காதீர்கள்.

பேஸில் இது எங்கிருந்து வருகிறது? ஸ்ட்ராப்பை நீளமாக விட்டுக் கிடாரைத் தொடையில் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடங்கியும் பக்கவாட்டில் சாய்ந்தும் இருக்கும், கட்டைவிரலும் விரிந்து நிற்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது கிடார் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் நிற்கும்போதும் இருக்கும்படி ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். நெக்கை 30, 40 பாகை மேல்நோக்கிச் சாய்த்தால் மணிக்கட்டு நேராகும். மேடையில் பார்க்க எப்படி இருக்கும் என்ற கவலை எனக்கும் இருந்தது, வலி இருக்கும்போது அந்தக் கவலை போய்விட்டது.

ஆனால் கிடாரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. போனில் ஒரே கட்டைவிரலால் தட்டுவது, போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்காக பைக் கிளட்ச் பிடிப்பது, கைக்குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது எல்லாம் இதே தசைநாண்களின் வேலை. என்னோடு வாசித்த கீபோர்டு தம்பிக்குக் குழந்தை பிறந்த நான்காம் மாதம் இது வந்தது. கிடாரைச் சரி செய்துவிட்டு வீட்டில் அதே வேலையைச் செய்தால் ஆறாது.

கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். மணிக்கட்டை மட்டும் கட்டுவது போதாது, கட்டைவிரலும் சேர்ந்த மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். மூன்று, நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவர் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லலாம். பயப்பட வேண்டாம், பலருக்கு ஒரே ஊசியில் தீர்கிறது. சர்க்கரை இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும்.

மடக்கிய கட்டைவிரல் டக்கென்று பூட்டிக்கொள்கிறது

காலையில் அதிகம், உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரலின் அடியில் ஒரு சின்ன உருண்டை மாதிரித் தட்டுப்படும், நீட்டும்போது டக் என்று விடுபடும். இது தசைநாண் வளையத்தில் சிக்குவது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதனால் சர்க்கரையைப் பரிசோதிக்காமல் இருந்தால் பரிசோதியுங்கள். பேஸ் பக்கம் செய்ய வேண்டியது நெரிப்பதைக் குறைப்பது மட்டுமே, மேலே சொன்னதுதான். டக், டக் என்று விளையாட்டாகச் சொடுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். இதற்கும் ஊசி உண்டு, அதில் கேட்காவிட்டால் சின்ன அறுவைச் சிகிச்சை உண்டு.

விரல்கள் மரத்துப்போகின்றன, எறும்பு ஊர்வது போல இருக்கிறது

எந்த விரல்கள் என்பதுதான் கேள்வி.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கப்படுகிறது. இரவில் மரத்து எழுந்து கையை உதறினால் தெளிகிறதா? அப்படியானால் அதுவே முக்கியமான தடயம். புறங்கைகள் இரண்டையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், அதே விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் பலப்படும். இடது கையில் என்றால் முதல் ஃப்ரெட்டுகளில் மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கண்ணாடி முன் பாருங்கள். வலது கையில் என்றால் முன்கையைக் கிடாரின் விளிம்பில் போட்டு, கையைக் கீழே தொங்கவிட்டு, மணிக்கட்டை 90 பாகைக்கு மடக்கி மீட்டுகிறீர்களா என்று பாருங்கள். பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். முழங்கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முன்கையை விளிம்பில் பதிக்காமல் மிதக்கவிட்டால் மணிக்கட்டு நேராகிவிடும். இரவில் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட்டுத் தூங்குங்கள். தைராய்டு குறைவும் சர்க்கரையும் இதைக் கூட்டும், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் என்றால் பிரச்சினை பெரும்பாலும் முழங்கையில். முழங்கையை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வது போல இருக்குமே, அதே நரம்பு. முழங்கையை இறுக்கி மடக்கி வைத்து வாசிப்பது, நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றுவது, இரவில் கையைத் தலைக்கு அடியில் மடக்கித் தூங்குவது, காதில் போனைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசுவது இவற்றை நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் மரப்பு அப்படியே இருந்தால் காத்திருக்க வேண்டாம். தசை வலி காத்திருந்தால் ஆறும், நரம்பு நெருக்கம் நீண்டு போனால் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

சுண்டுவிரல் பக்கம் நீட்டும்போது வலிக்கிறது, முன்கையின் மேல்பக்கமும் நோகிறது

1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலிருந்து இன்றுவரை பெரும்பாலான பேஸ்களில் கம்பி நீளம் 34 அங்குலம். அந்த நீளத்தில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை 13 செ.மீ. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற கிடார் பாடத்தை அங்கே பிடிவாதமாகச் செய்தால் கை எவ்வளவு விரிய வேண்டும் பாருங்கள். அதே நான்கு ஃப்ரெட் அகலம் 5-வதிலிருந்து 8-வது வரை 10.3 செ.மீ. தான்.

கான்ட்ராபேஸ் (நின்று வாசிக்கும், பெரிய வயலின் மாதிரியான கருவி) வாசிப்பவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். வியன்னாவில் வாசித்த பிரான்ஸ் சிமாண்டில் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய பாட முறையில் கீழ் இடங்களில், அதாவது நட்டுக்குப் பக்கத்தில், 1, 2, 4 விரல்கள்தான் (ஆள்காட்டி, நடு, சுண்டு), மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்து அழுத்தும். மூன்று ஃப்ரெட்டுக்கு நான்கு விரல். நான்காவது ஃப்ரெட் வேண்டுமானால் கையை நகர்த்து, விரிக்காதே. நான் 5-வது ஃப்ரெட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கையின் பின்புறத்தில் தசைநாண்களால் ஒன்றோடொன்று பிணைந்தவை, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து இழுப்பதில்தான் முன்கை நோகிறது. முதல் இரண்டு வாரம் நகர்த்தல் தடுமாறும், பிறகு பழகிவிடும். இளையராஜா பாட்டுகளில் ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ் வரிகளை இந்த முறையில் வாசிப்பது முதலில் கஷ்டமாகத் தோன்றும், ஆனால் அவற்றில் பலவற்றை 5-வது ஃப்ரெட்டுக்கு மேலேயே எடுத்துக்கொள்ளலாம், கனம் இன்னும் கூடும்.

கை சின்னதாக இருப்பவர்கள், பதின்வயதில் தொடங்குபவர்கள் 30 அங்குலப் பேஸை யோசிக்கலாம். அதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை சுமார் 11.4 செ.மீ. அது குழந்தைகளுக்கான கருவி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் இருந்த ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான்.

வலது கை: கட்டைவிரல், விரல் நுனி

கட்டைவிரலைப் பிக்கப்பின் (கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்) மேல் ஊன்றிவிட்டு, தடித்த நான்காவது கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை அதே இடத்திலிருந்து எட்டி எட்டி மீட்டுவோம். முதல் கம்பிக்கு வரும்போது கட்டைவிரல் முழுக்க விரிந்திருக்கும், அதோடு அழுத்தமும் இருக்கும். மெல்லிய கம்பிகளுக்குப் போகும்போது கட்டைவிரலையும் அடுத்த கம்பியின் மேல் இறக்கிக்கொண்டே போங்கள். வாசிக்காத கம்பி அதிர்வதும் நிற்கும், கையும் ஒரே வடிவில் இருக்கும். ஊன்றுவது என்றால் சாய்ந்து நிற்பது மாதிரி லேசாக இருக்க வேண்டும், பிக்கப் திருகு தடம் கட்டைவிரலில் பதிந்திருந்தால் அதிகம் அழுத்துகிறீர்கள்.

ஸ்லாப்பில் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் முறை) வலி வந்தால், கட்டைவிரலைச் சுத்தி போல மூட்டிலிருந்து அடிக்கிறீர்களா என்று பாருங்கள். அசைவு முன்கை சுழல்வதிலிருந்து வர வேண்டும், கதவுக் குமிழைத் திருப்புவது போல. கட்டைவிரல் கம்பியில் பட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். வலி தீரும்வரை ஸ்லாப் வேண்டாம், இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

விரல் நுனியில் கொப்புளம் வந்தால் உடைக்காமல் விடுங்கள், தானாக உடைந்தால் கழுவிப் பிளாஸ்டர் போடுங்கள். வியர்வையிலும் உப்புக் காற்றிலும் துருப்பிடித்த கம்பி அரம் மாதிரி இருக்கும், வாசித்து முடித்ததும் ஒரு துணியால் துடைக்கும் பழக்கம் போதும். ஆம்பில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, மீட்டலைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், ஒலியும் உருண்டையாக வரும்.

வலியே இல்லை, ஆனால் விரல் சொன்னபடி கேட்கவில்லை

வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்கிறது அல்லது விறைத்து நீட்டிக்கொள்கிறது, சாப்பிடும்போதும் எழுதும்போதும் சரியாக இருக்கிறது. இதற்கு அதிகப் பயிற்சி மருந்தாகாது, கெடுதல். இசைக்கலைஞர்களுக்கு வரும் இயக்கக் கோளாறு ஒன்று இப்படித் தொடங்கும். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

நிறுத்தி, திரும்ப ஆரம்பிப்பது

வலி வந்த அன்று வாசிப்பதை நிறுத்துங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறுவதுதான் நான் செய்த பெரிய தவறு, வலி தெரியாததால் இன்னும் அதிகமாக நெரித்தேன். முதல் இரண்டு, மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. பழைய கடுகடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். வலி மாத்திரையை நாள் கணக்கில் தொடர வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள், வயிறும் சிறுநீரகமும் இருக்கின்றன.

அன்றாட வேலையில் வலி நின்ற பிறகுதான் கிடாரை எடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்த திட்டம் இது: முதல் வாரம் 5 நிமிடம் காலை, 5 நிமிடம் மாலை, 5-வது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும், உட்கார்ந்துகொண்டு. வாசிக்கும்போது வரும் நோவு பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை அது இருக்கவும் கூடாது. இருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பு. இல்லையென்றால் சில நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டு. ஒரே மூச்சில் 25 நிமிடத்துக்கு மேல் இன்றும் வாசிப்பதில்லை, நடுவில் 5 நிமிடம் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பேன். முழுக் கச்சேரிக்குத் திரும்ப 9 வாரம் ஆயிற்று. அந்த 9 வாரத்தில் இரண்டு கச்சேரியை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தேன், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போகும்போது கிடாரையும் ஸ்ட்ராப்பையும் தூக்கிக்கொண்டு போங்கள். "கிடார் வாசிப்பேன்" என்று வாயால் சொன்னபோது எனக்கு ஒரு பொதுவான பயிற்சித் தாள் கொடுத்தார்கள். இரண்டாவது முறை கிடாரோடு போய், அவர் முன்னால் நின்று, முதல் ஃப்ரெட்டில் வழக்கமாக வாசிக்கும் வரியை வாசித்துக் காட்டினேன். கட்டைவிரல் நகம் வெளுப்பதை அவர்தான் முதலில் பார்த்து, "அந்தக் கம்பியை அழுத்த இவ்வளவு பலம் எதற்கு?" என்று கேட்டார். அன்று மாலையே நட்டை அளந்தேன்.